பிள்ளையார் போட்ட முதல் கையெழுத்து

கேக்குறதுன்னா சும்மாவா தாயி? நாப்பத்து மூணு வீடு ஏறி இறங்குனவ சொல்றேன். ஒரு ஆளுகிட்டப் போயி பொண்ணு குடுன்னு கேட்டுறலாம், எடத்தைக் குடுன்னுகூடக் கேட்டுறலாம். சாக்கடைக்குப் பணம் கட்டுறியான்னு மட்டும் கேட்டுப் பாரு. அந்த மூஞ்சி போற போக்கே தனி.

நீ ஜன்னலோரமா நகந்துக்க, எனக்குக் காத்து ஆகாது. திண்டுக்கல்லுக்குத்தானே? நானும் அங்கதான், மக வீட்டுக்கு. அவளுக்குப் புள்ள பொறந்து இன்னைக்குப் பதினாறாம் நாளு, தொட்டில்ல போடுறாங்க. முறையாப் பாத்தா அந்தத் தொட்டிலு எங்க வீட்டுலதான் ஆடணும். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே? நீயும் புள்ள பெத்தவதானே, உங்க பக்கம் எப்படி? ஆங், எல்லாப் பக்கமும் அதேதான். எனக்கு மட்டும் அது வாய்க்கலை. ஏன் வாய்க்கலைன்னா, எங்க தெருக்காரங்க. வேற யாரும் இல்ல, எங்க தெருக்காரங்கதான்.

எனக்கு ஊரு வேலாங்குளம். சுப்பையா நகர் மூணாம் தெரு. நாப்பத்து நாலு வீடு. எங்க வீடு கடைசி. தெரு நேரா வந்து எங்க வாசல்ல முட்டி நிக்கும். தெருக்குத்து வீடுன்னு சொல்லுவாங்கல்ல, அது. தெருக்குத்து, அதோட பள்ளம். அதனாலதான் மனை விலை குறைச்சலா வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு நூல்மில்லுல வேலை பாத்துச் சேத்த காசுக்கு அதுதான் படிஞ்சது.

பள்ளம்னா தண்ணி வரும். மழைத்தண்ணின்னா பொறுத்துக்கலாம். நாப்பத்து மூணு வீட்டுக் குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, சில புண்ணியவானுங்க மழை பெய்யிற நேரமாப் பாத்து செப்டிக் டேங்கைத் திறந்து விடுற தண்ணி, அம்புட்டும் தெருவோர வாறுகால்ல ஓடியாந்து எங்க வாசல்லதான் சேரும். அங்கேருந்து திரும்பி பைபாஸ் ஓடைக்குப் போகணும். போகணும்ங்கிறது சட்டம். அது போகாது, எங்க வீட்டுக்குள்ள வரும்.

இந்த வைகாசியில என்ன ஆச்சுங்கிற? மக மூணு மாசம் முழுகாம இருக்கா, சம்மந்தியம்மா எங்களைப் பாக்க வந்திருக்காங்க. திண்டுக்கல்லுல சொந்தமா மாவு மில்லு வச்சிருக்கவங்க, வெள்ளையும் சொள்ளையுமா இருப்பாங்க. காப்பி குடுத்துட்டு நிக்கிறேன், சடசடன்னு கோடைமழை புடிச்சுக்கிச்சு. கால் மணி நேரம். சோபாவுக்கு அடியில வந்துருச்சு. கறுப்பா, நுரையோட. அந்தம்மா காப்பி டம்ளரைக் கையில புடிச்சுக்கிட்டு ரெண்டு காலையும் தூக்கி சோபா மேல வச்சுக்கிட்டாங்க. எனக்கு உசுரே போயிருச்சு தாயி. போகும்போது மரியாதையாத்தான் சொன்னாங்க. "தலைப்பிரசவம் உங்க உரிமை, நாங்க தடுக்கலை. ஆனா பச்சப்புள்ளையை இந்த வீட்டுல எப்படிங்க போடுறது? ஒம்பதாம் மாசம் அனுப்பி வைக்கிறோம். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா எங்க வீட்டுலயே பாத்துக்குறோம்"னு. மரியாதையாச் சொன்னாங்க பாரு, அதுதான் தாங்கலை. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்ல?

எனக்கு ஒத்தப் பொண்ணு. தேன்மொழின்னு பேரு. அவளைக் கூட்டியாந்து, பெரிய ரூமுல படுக்க வச்சு, பூண்டு உரிச்சுப் போட்டு, பத்தியச் சோறு ஆக்கி, மூணு மாசம் கையில வச்சுத் தாங்கணும்னு நான் அவ வயசுக்கு வந்த நாள்லேருந்து நினைச்சுக்கிட்டிருக்கேன். வேற எனக்கு என்ன ஆசை? நகை கேட்டேனா, காசிக்குப் போகணும்னு கேட்டேனா?

அந்த நேரம் பாத்து நகராட்சியில பாதாள சாக்கடை போடப் போறோம்னாங்க. கடவுளாப் பாத்து அனுப்புன மாதிரி. ஆனா ஒரு கொக்கி வச்சாங்க. வீட்டுக்கு எட்டாயிரம் முன்பணம் கட்டணும், பிறகு மாசாமாசம் நூத்தம்பது. தெருக்காரங்க சம்மதிச்சு எழுதிக் குடுத்தாத்தான் குழாய் வரும், எழுதிக் குடுக்காத தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போயிருவோம்னாங்க. ஆனி மாசம் ரேஷன் கடை முன்னாடி பந்தல் போட்டு கருத்துக்கேட்புக் கூட்டம். ஓவர்சியர் ஒரு சின்னப் பொண்ணு, மஞ்சுளான்னு பேரு. படத்தையெல்லாம் விரிச்சு வச்சுக்கிட்டு நிக்குது. எங்க ஆளுங்க என்ன கேட்டாங்க தெரியுமா? ஒருத்தன் நாய் புடிக்கச் சொல்றான். ஒருத்தன் லைட்டு எரியலைங்கிறான். ஒருத்தர் எந்திரிச்சு, ஒம்பது வருஷத்துக்கு முந்தி போட்ட ரோட்டுல தார் கம்மின்னு அரை மணி நேரம். சாக்கடையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அந்தப் பொண்ணு தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு நிக்குது. கடைசியில, "அம்மா அய்யா, யாராவது பொறுப்பெடுத்து இந்தப் படிவத்துல கையெழுத்து வாங்கிக் குடுங்க"ன்னுச்சு. ஒரு பய கை நீட்டலை. நான்தான் எந்திரிச்சு வாங்குனேன்.

வாங்குனேனா, அன்னைக்குப் புடிச்சது சனி.

மொத வீடு ஞானப்பிரகாசம் வாத்தியாரு. ரிட்டயரான மனுஷன், நல்ல மனுஷன். கண்ணாடியைப் போட்டு முழுசாப் படிச்சாரு. படிச்சுட்டுத் திருப்பிப் பாத்தாரு. "யாரும் போடலையேம்மா?" "நீங்கதான் சார் மொத வீடு." "இல்லம்மா, நாலு பேரு போடட்டும், அஞ்சாவது ஆளா நான் போடுறேன்." அடுத்தது மளிகைக்கடை வளர்மதி. "அவரு வரட்டும்க்கா, கேட்டுட்டுப் போடுறேன்." அவரு இருக்கது சிங்கப்பூர்ல! வர்றதுக்கு ரெண்டு வருஷம். அதுக்கடுத்த வீட்டுல போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு, கையால 'அப்புறம் வா'ங்கிறாங்க. போன்ல சத்தமே இல்ல தாயி, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்.

இல்லேன்னு சொன்னாலும் பரவாயில்ல. ஒருத்தரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. உக்காரச் சொல்லுவாங்க, காப்பி குடுப்பாங்க, மக எப்படி இருக்கா, எத்தனை மாசம்னு கேப்பாங்க. பேப்பரை எடுத்தா, திருப்பிப் பாப்பாங்க. வெறுமையா இருக்கும். "மொத ஆளா நானா?" அம்புட்டுதான். பிறகு ஆடி பொறந்துச்சு. ஆடியில யாராவது புதுக் காரியத்துக்குக் கையெழுத்துப் போடுவாங்களாக்கான்னு ஒரு மாசம் ஓடுச்சு. நாப்பத்து மூணு வீடு, ஒண்ணரை மாசம், ஒரு கையெழுத்து இல்ல. எனக்குக் காப்பி குடிச்சுக் குடிச்சு பித்தம் ஏறிருச்சு.

இதுல வாடகைக்கு இருக்கவங்க ஏழெட்டுப் பேரு தாமாவே வந்து, "நாங்க போடுறோம்க்கா, மாசக் காசும் குடுத்துர்றோம்"னு நிக்கிறாங்க. உங்களை யாருப்பா கேட்டது, உங்க வீட்டு ஓனரை வரச்சொல்லுங்கன்னு அனுப்பிட்டேன். கேக்குறதுக்கு ஒரு முறை இருக்குல்ல?

ஒருத்தி, டெய்லர் மும்தாஜுன்னு இருபதாம் நம்பர் வீட்டுக்காரி, பேப்பரை வாங்கி வச்சுக்கிட்டு, "எல்லாம் சரிக்கா, ஆனா மொதல்ல உங்க வாசல்ல..."ன்னு ஆரம்பிச்சா. "என் வாசல்ல என்னடி?"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன்னு வையி. "ஒண்ணுமில்லக்கா, கோலம் நல்லாருக்கு"ன்னுட்டா. அவ கோலத்தைப் பத்தி என்னைக்குப் பேசுனா? இப்படித்தான் பேச்சை மாத்திக் கழண்டுக்குறது.

என்ன? நான் ஏன் மொத ஆளாப் போடலையா? எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு. "சௌந்தரம், நீயே மொதல்ல போட்டுரு, மத்தவங்க போடுவாங்க"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? நான்தான் வீடு வீடாக் கேக்குறவ. நானே மொதல்ல போட்டா, பாரு, அவளுக்குத்தான் அவசரம், அவ வீட்டுக்குத்தான் ஆதாயம்னு பேச மாட்டாங்களா? விசேஷ வீட்டுல பந்தி விசாரிக்கிறவ மொதப் பந்தியில போயி உக்காருவாளா? கடைசியில போட்டுக்கலாம்னு இருந்தேன்.

ஆவணி வந்துச்சு. விநாயகர் சதுர்த்திக்கு மூணு நாளு இருக்கு. வாசல்ல எங்க பிள்ளையாருக்கு விளக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்... எங்க பிள்ளையாரைப் பத்திச் சொல்லலையே. தெருக்குத்துக்கு எதுக்கப் பிள்ளையாரை வச்சாத்தானே அடங்கும்? வீடு கட்டுன ஆறாம் மாசம் எங்க வீட்டுக்காரரு சைக்கிள்லேருந்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. ஜோசியரு, தெருக்குத்து அடிக்குது, பிள்ளையாரை வைய்யின்னாரு. மதில்ல ஒரு மாடம் வச்சாப் போதும்னு கொத்தனாரு சொன்னாரு. எனக்கு ஒப்பலை. மதில்ல வச்சா நம்ம எல்லைக்குள்ள வந்துர்றாருல்ல? வெளிய நின்னாத்தானே வர்றதைத் தடுப்பாரு? வாறுகால் மேல பெரிய கடப்பாக்கல்லைப் போட்டு, அதுமேல மேடை கட்டி வச்சோம். பிறகு டைல்ஸ் ஒட்டுனோம், கம்பிக்கதவு போட்டோம், சுத்தி வர்றதுக்கு ரெண்டடி எடம் விட்டோம். அதுக்கும் அடியில வாறுகால்தான் ஓடுது, நாம ஒண்ணும் மறிக்கலை. துப்புரவு வேலைக்காரங்க ரெண்டு மூணு தடவை வந்து, இந்தக் கல்லைத் தூக்குனாத்தான் அடியில இருக்க மண்ணை எடுக்க முடியும்க்கான்னு கடப்பாரையோட நின்னாங்க. சாமி கல்லுல கடப்பாரை வைக்க விடுவேனா? வெரட்டி விட்டேன். அவரு வந்த பிறகுதான் எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நடந்தாரு. அவரு வந்த பிறகுதான் என் மகளுக்கு நல்ல இடம் அமைஞ்சது.

அவரைப் பாத்துக்கிட்டே இருக்கேன், பொட்டுல அடிச்ச மாதிரி தோணுச்சு. கல்யாணப் பத்திரிகை மொதப் பத்திரிகை யாருக்கு வைக்கிறோம்? மொய் நோட்டுல மொதப் பேரு யாரு பேரு? அவருதானே? பிறகு ஏன் நான் வாத்தியாரையும் வளர்மதியையும் மொத ஆளாப் போடுன்னு கெஞ்சிக்கிட்டுத் திரியிறேன்? பேப்பரை எடுத்தேன். வரிசை எண் ஒண்ணு, பெயர்: பிள்ளையார். தகப்பனார் பேரு ஒரு கட்டம் இருந்துச்சு, அதை ஏன் வெறுமையா விடணும், பரமசிவம்னு எழுதுனேன். கதவு நம்பர் நாப்பத்து நாலு, எங்க வாசல்தானே? போன் நம்பருக்கு எங்க வீட்டுக்காரரு நம்பர். கையெழுத்துக் கட்டத்துல சந்தனத்தை வச்சு, அதுமேல குங்குமம் வச்சேன். கும்புட்டுக்கிட்டுத் தெருவுல இறங்குனேன்.

நாலே நாளு தாயி! வாத்தியாரு திருப்பிப் பாத்தாரு, சிரிச்சாரு, போட்டாரு. வளர்மதி கண்ணுல ஒத்திக்கிட்டுப் போட்டா, சிங்கப்பூருக்காரரைக் கேக்கவே இல்ல. மும்தாஜு, "பிள்ளையாரே போட்டுட்டாரா, அப்ப நான் எம்மாத்திரம்"னு போட்டா. அப்பவும் போடாம இழுத்தடிச்ச ரெண்டு வீட்டுலயும் போயி ஹால்ல உக்காந்துக்கிட்டேன், சாப்பாட்டு நேரம் வந்தும் எந்திரிக்கலை. நான் யாரையும் வற்புறுத்தலை, உக்காந்துதான் இருந்தேன். அவங்களாத்தான் போட்டாங்க. எண்ணிப் பாத்தேன், நாப்பத்து நாலு. தெரு முச்சூடும் ஆச்சு. கொண்டுபோயி மஞ்சுளாகிட்டக் குடுத்தேன். "சூப்பர்ம்மா, இந்த நகராட்சியிலயே நூத்துக்கு நூறு வாங்குனது உங்க தெருதான்"னு கையைப் புடிச்சுக் குலுக்குச்சு. மகளுக்குப் போன் போட்டேன். "தேனு, ஒம்பதாம் மாசம் வர்ற, கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கப் போறேன்"னேன். அவ சந்தோஷத்துல "நெசமாவாம்மா, நெசமாவா"ன்னு அதையேதான் கேட்டா.

அம்புட்டு நல்லா முடிஞ்ச காரியம். அதுக்குப் பிறகு கேளு கூத்தை.

புரட்டாசி மாசம் ஒரு பதிவுத்தபால். போஸ்ட்மேன் வாசல்ல நின்னுக்கிட்டு, "இங்க பிள்ளையார்னு யாருங்க? கையெழுத்துப் போட்டு வாங்கணும்"ங்கிறாரு. வாங்கிப் பாத்தா, திரு. பிள்ளையார், த/பெ. பரமசிவம், கதவு எண் நாப்பத்து நாலு. தாங்கள் தெருவின் முதல் ஒப்புதல்தாரர் என்பதால், ஆதார் நகல், வீட்டு வரி ரசீதுடன் நேரில் ஆஜராகவும். கம்ப்யூட்டர்ல ஏத்துன புண்ணியவான் பேரைப் பாத்தானா, ஆளைப் பாத்தானா! சந்தனம் உதுந்து போச்சோ என்னமோ. எங்க வீட்டுக்காரரு அதைப் படிச்சுட்டு ஒரு நாள் பூரா சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை. ஆஜராகலைன்னா தெருவையே தள்ளி வச்சுருவாங்கன்னு அதுல அடியில போட்டிருக்கே!

போன் பண்ணிச் சொன்னா அந்தப் பொண்ணு மஞ்சுளாவுக்குப் புரியலை. நேர்லயே வந்துச்சு. "யாரும்மா பிள்ளையாரு?" கையைக் காட்டுனேன். ஒரு நிமிஷம் பாத்துச்சு. சிரிக்கும்னு நினைச்சேன். சிரிக்கலை. பையிலேருந்து டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிச்சுருச்சு. குனிஞ்சு கடப்பாக்கல்லுக்கு அடியில லைட் அடிச்சுப் பாத்துச்சு. எந்திரிச்சு, "அம்மா, இது எத்தனை வருஷமா இருக்கு?"ன்னுச்சு. "பதினோரு வருஷம்." "பதினோரு வருஷமா உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருதா?" "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"னேன்.

நீ ஏன் அப்படிப் பாக்குற?

அந்தப் பொண்ணு சொல்லுது, தெரு பூராவுக்கும் வாட்டம் இங்கதான் முடியுதாம். வாட்டம்னா சரிவு. கடைசித் தொட்டி, சேம்பர்ங்கிறாங்க, அது பிள்ளையார் இருக்க எடத்துலதான் வரணுமாம். நாலடி தள்ளி வையின்னேன். தள்ளி வச்சாத் தண்ணி மேட்டுல ஏறாதும்மாங்குது. அப்ப மோட்டாரு வையின்னேன். ஒரு தெருவுக்கெல்லாம் மோட்டாரு வைக்க மாட்டாங்கம்மாங்குது. எல்லாத்துக்கும் ஒரு பதிலு. இன்னொண்ணும் கண்டுபுடிச்சுருச்சு. நாப்பத்து நாலு கையெழுத்துல எங்க வீட்டுக் கையெழுத்து இல்லையாம். நாப்பத்து மூணும் பிள்ளையாரும்தானாம். ஆமா, கடைசியில போடலாம்னு இருந்தேன், கட்டம் நிறைஞ்சு போச்சு. அதை ஒரு குத்தமாச் சொல்லுது.

மறுபடி கூட்டம். இந்தத் தடவை ரேஷன் கடை முன்னாடி இல்ல, எங்க வாசல்லயே. சாக்கடைக் கூட்டத்துக்கு முப்பது பேரு வரலை, இதுக்கு அம்புட்டு வீட்டுலயும் வந்து நிக்கிறாங்க. வாடகைக்காரங்ககூட வந்துட்டாங்க. முறைப்படி பாலாலயம் பண்ணி, பிள்ளையாரை எடுத்துத் தெருமுனைக் கோயில்ல வச்சுக்கலாம், செலவை நாங்க எல்லாரும் போட்டுக்குறோம்ங்கிறாங்க. இல்லேன்னா உங்க மதில் உள்பக்கமா மாடம் கட்டித் தர்றோம்ங்கிறாங்க. எல்லாம் பேசி முடிச்சுத்தான் வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாத்தியாரு மட்டும் ஓரமா நின்னாரு. நீங்க சொல்லுங்க சார்னேன். "நான் வேற சாமி கும்புடுறவன்ம்மா, நான் என்ன சொன்னாலும் தப்பாப் போகும்"னுட்டாரு. நல்ல மனுஷன்னு சொன்னேன்ல.

நானும் விடலை. "சாமி பேரைப் பாத்துத்தானே எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்க? கண்ணுல ஒத்திக்கிட்டுப் போட்டீங்கல்ல? இப்ப அதே சாமியை எடுங்கிறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"னு கேட்டேன். வளர்மதிதான் மெதுவா, "அக்கா, பல வருஷமாவே சொல்லணும்னு இருந்தோம். சாமி விஷயம், உங்க மனசு நோகும்னுதான் யாரும் சொல்லலை. அந்தக் கல்லை எடுத்தா உங்க வீட்டுக்குள்ள தண்ணி வராதுக்கா"ன்னா. பாத்துக்க! இத்தனை வருஷமா என்கிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டு, கைமாத்து வாங்கிக்கிட்டு, உள்ளுக்குள்ள இதை வச்சுக்கிட்டு இருந்திருக்காளுக. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவங்க யாரும் நம்ம மனுஷங்க இல்லேன்னு.

எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு வாசக்கதவைச் சாத்திட்டு, "எடுத்துருவமா சௌந்தரம்?"னு ஒரு வார்த்தை கேட்டாரு. நாலு நாளு அவரோட பேசலை நான்.

உனக்குப் புரியுதா தாயி என் நிலைமை? எனக்கு என்ன, சாக்கடைத் தண்ணி மேல ஆசையா? வீட்டுல ஒருத்தி மாசமா இருக்கையில சுவத்துல ஆணி அடிக்கக்கூட யோசிப்போம். அவரை அடியோட பேத்து எடுத்து, அந்த நேரம் பாத்து என் மகளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? அந்தத் தெருக்காரங்களா வந்து நிப்பாங்க? எடுக்கலைன்னா மக வர மாட்டா. எடுத்தா மகளுக்கு என்ன ஆகுமோன்னு பயம். நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? படுத்தா தூக்கம் இல்ல. சோத்தைப் பாத்தா அந்தக் கறுப்புத் தண்ணிதான் ஞாபகம் வருது.

ஐப்பசி மழை வந்துச்சு. இந்தத் தடவை எங்க வீட்டுக்குள்ள மட்டும் இல்ல, பக்கத்துல மூணு வீட்டுக்குள்ளயும் பூந்துருச்சு. புது மெத்தை போச்சு. உறை பிரிக்காத மெத்தை. நானும் அவரும் முறத்தால தண்ணியை வாரி வாரி வெளிய ஊத்துறோம், ஊத்துற தண்ணி திரும்ப வருது. மும்தாஜு வந்து பேசாம ஒரு வாளியை எடுத்துக்கிட்டு எங்களோட சேந்து இறைச்சா.

மழை விட்ட மறுநாளு மஞ்சுளா வந்துச்சு. கையில ஒரு தாளு. "அம்மா, நான் உங்களை ஒண்ணும் கட்டாயப்படுத்தலை. சம்மதம்னா சம்மதம்னு எழுதுங்க, ஒரு வாரத்துல வேலையை ஆரம்பிச்சு, உங்க வாசல் ஓரமாவது மொதல்ல முடிச்சுத் தர்றேன், உங்க மக வர்றதுக்குள்ள. சம்மதம் இல்லேன்னா இல்லேன்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு எழுத்துல வேணும்"னுச்சு. என் மக வர்றதைப் பத்தி அதுக்கு யாரு சொன்னா? தெருவே சொல்லியிருக்கும். நாளைக்குச் சொல்றேன்னேன். "நாளைக்குச் சொல்லுங்கம்மா, அதுக்கு மேல என் கையில இல்ல"ன்னுச்சு. நல்லாத்தான் பேசுது, இல்லேங்கலை.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன். ஒம்பது மாசம் பொறந்து எட்டு நாளு. எல்லாத்தையும் சொன்னேன். தெருக்காரங்க பேசுனது, வளர்மதி சொன்னது, சேம்பரு, வாட்டம், என் பயம், எல்லாத்தையும். முழுசாக் கேட்டா. கேட்டுட்டுச் சொன்னா: "நீ அவரை எடுக்க வேணாம்மா. அவரு அங்கயே இருக்கட்டும். நான் இங்கயே இருந்துக்குறேன். அத்தை நல்லாத்தான் பாத்துக்குறாங்க. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நீ மனசைப் போட்டு உழப்பிக்காத."

பாத்தியா! பெத்த மக பாத்தியா! ஊரே ஒரு பக்கம் நிக்கிது, என் மக என் பக்கம் நிக்கிறா. மறுநாளு காலையில மஞ்சுளா வந்தவுடனே, தெருக்காரங்க நாலு பேரு நிக்கும்போதே, சத்தமாச் சொன்னேன், "எம்மகளே சொல்லிட்டா, எடுக்க வேணாம்னு"ன்னு. வாங்கி எழுதுனேன். சம்மதம் இல்லை. கீழ கையெழுத்து, ம. சௌந்தரம். இந்த ஆறு மாசத்துல நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். அந்தப் பொண்ணு வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டுப் போயிருச்சு. அடுத்த வாரம் குழாயெல்லாம் அஞ்சாம் தெருவுல வந்து இறங்கிருச்சு. இப்ப அங்க தோண்டிக்கிட்டு இருக்காங்க. எங்க தெருவுல ஒருத்தரும் என்னை ஒரு கேள்வி கேக்கலை. ஒரு சண்டை போடலை. வளர்மதி கடைக்குப் போனா, கேட்டதைக் குடுத்துட்டுக் காசை வாங்கிக்குறா. எத்தனை மாசம், மக எப்படி இருக்கான்னு கேக்குறதில்ல. புள்ள பொறந்ததுக்குச் சக்கரை குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.

கொடைரோடா இது? வந்துருச்சா அதுக்குள்ள.

பிரசவம் நல்லபடியாத்தான் ஆச்சு, ஆண்டவன் புண்ணியம். ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு கூட இருந்தேன். பிறகு அவங்க வீட்டுக்குக் கூட்டிப் போயிட்டாங்க. சம்மந்தியம்மாதான் குளிப்பாட்டுறாங்க, அவங்கதான் பத்தியம் ஆக்குறாங்க. நான் போனா விருந்தாளி. உக்காருங்கம்பாங்க, காப்பி குடுப்பாங்க.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தாயி பிடிபடலை. அன்னைக்குப் போன்ல அம்புட்டும் சொல்லிட்டு அவ போனை வைக்கலை. நானும் வைக்கலை. பிறகு அழுதா. அழுகை கேக்கக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. ஏன்டி அழுவுறன்னேன், ஒண்ணுமில்லம்மான்னா. எதுக்கு அழுதான்னு நானும் அன்னைக்கேருந்து யோசிச்சுப் பாக்குறேன். மாசமா இருக்கவ, காரணமில்லாமக்கூட அழுகை வரும். உனக்கும் அப்படித்தானே வந்துச்சு? சொல்லு தாயி. சும்மாவே வரும்ல?